ஓடு போட்ட மச்சான்

மாமனாருக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தது ஆமை.

கேலிக்குச் சொல்லவில்லை; அவரே அப்படித்தான் சொல்வார். கல்யாணமான புதிதில், இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்டுத் தொலைத்த நாட்களில், மனுஷன் கோபித்துக்கொண்டு போய் உள்ளங்கையில் அடங்கும் ஆமைக் குஞ்சு ஒன்றை வாங்கி வந்து, இதோ விசேஷம் என்று நடுக்கூடத்தில் விட்டாராம். அதற்கு மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள், இன்னும் இரண்டு வருடத்தில் மகன். ஆமைக்கு மட்டும் அந்த வீட்டில் பதவி இறங்கவே இல்லை. அதற்குப் பெயரே மூத்தவன்.

அந்த மகளைக் கட்டிக்கொண்ட மெக்கானிக்குக் கல்யாணத்தன்றே இரண்டு மச்சான்கள் வாய்த்துவிட்டார்கள். பெரியவன் ஓடு போட்டவன். சின்னவன் வேன் ஓட்டுகிறவன். இருவரில் யார் சுறுசுறுப்பு என்று கேட்டால் மெக்கானிக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வான்.

மெக்கானிக் என்றால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைத்தெரு முக்கில் அவனுக்குச் சொந்தப் பட்டறை இருந்தது, கை நிறைய வேலையும் இருந்தது. ஆனால் மாமனார் தேடியது இன்ஜினியர் மாப்பிள்ளையை. கிடைத்தது இவன். பதினாறு வருடமாக, யாராவது மாப்பிள்ளை என்ன பண்றார் என்று கேட்டால், "கரண்ட் சம்பந்தமா ஏதோ" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றிவிடுவார். மெக்கானிக் அதைக் காதில் வாங்காத மாதிரி நிற்பான். வாங்கத்தான் செய்தான், பதினாறு வருடமும்.

அந்த வருடக் குளிர் ஒரு கொடுமை. வாளித் தண்ணீர் காலையில் கல்லாகிக் கிடந்தது, தெருவில் பாதி வீட்டுக் குழாய்கள் வெடித்தன. வழக்கமாக மூத்தவன் மாமனார் வீட்டுக் கொட்டகையில், வைக்கோல் போட்ட பெட்டிக்குள் குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுவான். இந்த வருடம் கொட்டகையில் படுக்கவிட்டால் ஒரேயடியாகத் தூங்கிவிடுவான் போலிருந்தது. போதாக்குறைக்கு மாமனாருக்கு முட்டி ஆபரேஷன். அது முடிந்ததும் இரண்டு மாதம் நடைப்பயிற்சி விடுதியில் தங்க வேண்டும். அங்கே நோயாளிகளைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. மூத்த பிள்ளை என்று சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

மிருக டாக்டரிடம் பெட்டியோடு போனார்கள். டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் வைத்தால் ஆமைக்கு அரைகுறையாகத் தூக்கம் கலையும். தீனியும் இறங்காது, தூக்கமும் இருக்காது, உடம்பில் சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்து ஆள் காலியாகிவிடும். வெளியே வைத்தால் உறைந்துவிடும். இவனுக்குத் தேவை சூடு இல்லை, ஒரே சீரான குளிர். ஐந்து டிகிரி, ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. நல்ல ஃப்ரிட்ஜ் ஒன்றில் வைத்து, தினம் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று மாற்றி, வாரம் ஒரு தடவை எடை பார்த்தால் போதும். எடை மளமளவென்று குறைந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

அப்போதுதான் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் மாப்பிள்ளையே ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தான் டாக்டர்," என்றார். "கை வச்சா அரை டிகிரி பிசகாது."

பக்கத்தில் பெட்டியோடு நின்ற மெக்கானிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்தக் குளிரிலும்தான். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவன் தொழில் பெயர் அந்த வாயிலிருந்து முழுசாக வந்தது. இந்த ஆமையை உயிரோடு எழுப்பிக் கொடுத்துவிட்டால் இனி வாழ்நாள் முழுக்கத் தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கொடுக்காவிட்டால் கரண்ட் சம்பந்தமா ஏதோ கூட இல்லை. அது அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

மாமனார் பெட்டி மூடியின் உள்பக்கம் தடித்த மையால் தன் போன் நம்பரை எழுதி, "தலைகீழா வைக்காதே" என்றும் எழுதி, விந்தி விந்தி ஆபரேஷனுக்குப் போனார்.

மனைவி தன் சமையலறை ஃப்ரிட்ஜில் இடம் தர மறுத்துவிட்டாள். அண்ணன்தான், பாசம்தான், ஆனால் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றாள். ஆகவே மூத்தவன் பட்டறைக்கு வந்தான். மெக்கானிக் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சின்ன வெள்ளை ஃப்ரிட்ஜைக் கழுவித் துடைத்து, கேஸ் சரிபார்த்து, கதவு ரப்பரைப் புதிதாக மாற்றி, உள்ளே தெர்மாமீட்டர் வைத்து, ஒரு முழு நாள் வெறுமனே ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் பெட்டியை உள்ளே வைத்தான். பிரசவ வார்டுக்குக்கூட யாரும் இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு தொல்லை, சின்ன மச்சான். ரிப்பேர் முடிந்த ஃப்ரிட்ஜ்களை வேனில் ஏற்றி வீடு வீடாக இறக்குவது அவன் வேலை. எந்த ஃப்ரிட்ஜைக் கண்டாலும் கதவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவன் சுபாவம். இருந்தால் தின்றும் பார்ப்பான். ஒருமுறை யாரோ மறந்து விட்ட பாதிக் கேக்கைத் தின்றுவிட்டு, அது பிறந்தநாள் கேக்கா கல்யாணக் கேக்கா என்று மட்டும் கேட்டான். அவன் பெட்டியைத் திறந்து, ஆமையைத் தட்டி, என்னடா அண்ணா என்று எழுப்பி வைத்தால் என்ன ஆவது? மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தான். பெட்டியின் முன்பக்கம் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அழகான கையெழுத்தில் எழுதினான்: "மலப் பரிசோதனைக்கு. திறக்காதே."

எழுதிவிட்டுத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். மச்சினன் அதைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. யாருடையது என்று மட்டும் கேட்டான். கேட்காதே என்றான் மெக்கானிக். அப்பாவுடைய ஆமை எங்கே என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அக்கா வீட்டில் இருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

இங்கே மெக்கானிக்கின் ஒரு கைப்பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ரசீது, சீட்டு, கம்ப்யூட்டர் எதுவும் அவனுக்கு ஆகாது. வேலை முடிந்து, ஐந்து டிகிரியில் நின்று ஓடுகிற ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவான். டிக் இருந்தால் மச்சினன் ஏற்றலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது. அவ்வளவுதான் அலுவலகம்.

மூத்தவனின் ஃப்ரிட்ஜ் மூன்று வாரம் ஐந்தில் அசையாமல் நின்றது. தினமும் காலையில் கதவைத் திறந்து, "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசி, காற்று மாறியதும் மூடுவான் மெக்கானிக். முதலில் கடமைக்குத்தான் செய்தான். போகப் போக, குறுக்கே பேசாத ஒரு மச்சான் இருப்பது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை காலை தெர்மாமீட்டரைப் பார்த்தான். ஐந்து. முடி அளவு பிசகில்லை. சந்தோஷத்தில் கை தானாக எழுந்தது. பக்கவாட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டது. கைக்குச் சொந்தக்காரன் அப்போது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கோட்டு மாட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு ஏதோ ஐஸ்கிரீம் கடையின் கம்ப்ரஸரைப் பார்க்கக் கிளம்பிப் போனான். போகும்போது மச்சினனிடம், ரத்தப் பரிசோதனை நிலையத்து வெள்ளை ஃப்ரிட்ஜை இன்று இறக்கிவிடு, டிக் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நிலையத்தின் ஃப்ரிட்ஜும் சின்னது, வெள்ளை, அதே கம்பெனி. அதுவும் டிக் வாங்கியிருந்தது. இரண்டில் எது வாசலுக்குக் கிட்டே இருந்தது என்பதைத் தவிர மச்சினன் வேறெதையும் ஆராயவில்லை. வழக்கப்படி கதவைத் திறந்து பார்த்தான். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தான். பரிசோதனை நிலையத்து ஃப்ரிட்ஜில் அதுதானே இருக்கும் என்று திருப்தியாகி, ஒயரைப் பிடுங்கி, வேனில் ஏற்றிவிட்டான். இதில் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் வாழ்க்கையில் முறையாக யோசித்துச் செய்த ஒரே காரியம் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு மாமனார் போன் செய்து எடை கேட்பார். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மெக்கானிக் தராசைத் துடைத்து வைத்து, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. பளபளவென்று காலியாக இருந்தது. கதவின் உள்பக்கம் "ரத்த மாதிரிகள் மட்டும்" என்று அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது.

போன் அடித்தது.

"மாப்பிள்ளை, எவ்வளவு இருக்கான்?"

போன வாரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து கிராம். அதிலிருந்து ஏதாவது குறைத்துச் சொன்னால் பொருத்தமாக இருக்குமே என்று மெக்கானிக் நினைத்தான். நினைத்த வேகத்தில் கணக்கு வரவில்லை. "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு மாமா," என்றான்.

"ஒரே வாரத்துல இருபதா?"

"தராசு இந்தக் குளிர்ல கொஞ்சம் அப்படி இப்படிக் காட்டுது மாமா."

மாமனார் மிக நிதானமாக, மூத்தவன் அசைந்தானா என்று கேட்டார். லேசாக என்றான் மெக்கானிக். கண் திறந்தானா என்று கேட்டார். லேசாக என்று அதற்கும் சொன்னான். எந்தக் கண் என்று கேட்டார். பொய்யில் இறங்கியவன் பாதியில் எப்படி ஏறுவது? இடது கண் என்றான். திறந்து தன்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான் என்றான். பார்வையில் ஒரு நன்றி இருந்தது என்று சொல்ல வந்தவனைத் தெய்வம்தான் தடுத்தது.

"சரி மாப்பிள்ளை. உங்க கையில இருக்கறவரைக்கும் எனக்கென்ன கவலை," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அந்த வார்த்தை மெக்கானிக்கை எலும்பு வரை குடைந்தது.

மச்சினனைப் பிடித்து உலுக்கியதில் கதை வெளியே வந்தது. பெட்டியில் இருந்தது யார் என்று தெரிந்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. இருவரும் வேனில் பறந்தார்கள். பரிசோதனை நிலையத்தின் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. திங்கள் காலை ஏழு மணி என்று பலகை சொன்னது. கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். உள்ளே மூலையில் வெள்ளையாக ஃப்ரிட்ஜ் தெரிந்தது. கதவில் ஒரு காகிதம் தொங்கியது. அதற்கு மேல் அவர்கள் மூச்சுக் காற்றே கண்ணாடியில் படிந்து மறைத்துவிட்டது.

"அத்தான், ஒரு நாள் காத்து மாத்தலைன்னா என்ன ஆகும்?"

"தெரியலைடா."

"அப்பா என்னை வீட்டை விட்டுத் துரத்திடுவார்."

"நீ அவருக்குப் பையன், துரத்தினாலும் திரும்பக் கூப்பிடுவார். நான் மாப்பிள்ளை," என்றான் மெக்கானிக். ஆனால் அன்று முழுக்க அவனைத் தின்றது அதுவல்ல. வேனில் ஒயர் பிடுங்கிய ஃப்ரிட்ஜுக்குள் குலுங்கி, இப்போது பரிசோதனை நிலையத்து மூலையில், யாரும் சௌக்கியமா என்று கேட்காமல் அந்த ஜீவன் கிடக்கிறதே என்பதுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காமல் எழுந்தான். மனைவி என்னங்க என்று கேட்டாள். பல்வலி என்றான். அன்றைய மூன்றாவது பொய்யோ நான்காவதோ, அவனுக்கே எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

திங்கள் காலை ஏழுக்குக் கதவு திறந்தபோது வரிசையில் முதல் ஆள் மெக்கானிக், இரண்டாவது ஆள் மச்சினன், வெளியே வேனில் நிலையத்தின் சொந்த ஃப்ரிட்ஜ். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய லேப் அம்மா ஒருத்தர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மெக்கானிக் அவரைத் தாண்டி ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய காகிதத்தைப் பார்த்தான். சனி மாலை ஐந்து டிகிரி. ஞாயிறு காலை ஐந்து. ஞாயிறு மாலை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து. விடுமுறை நாளிலும் இரண்டு தடவை யாரோ வந்து திறந்து பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு அந்தக் கையெழுத்தைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

"மேடம், எங்க பெட்டி ஒண்ணு தவறுதலா..."

"மலப் பரிசோதனைதானே. நோயாளி பேர்?"

மச்சினன் முந்திக்கொண்டு மூத்தவன் என்றான். வயது கேட்டார். நாற்பத்து நான்கு. ஆணா பெண்ணா? ஆண். கடைசியாக எப்போது சாப்பிட்டார்? இரண்டு மாதம் ஆகிறது என்று மெக்கானிக் உண்மையைச் சொன்னான். லேப் அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதையும் எழுதிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினார். சனிக்கிழமைப் பதிவு ஒன்று ஏற்கனவே இருந்தது. எடை 1906 கிராம். குறிப்பு: அளவு அதிகம்.

"பொதுவா ஒரு கடலை அளவு போதும் சார். நீங்க தாராள மனசுக்காரர்."

மெக்கானிக் அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினான். டிக், லேபிள், மாமனார், இடது கண் எதையும் விடவில்லை. அது ஆமை மேடம், எங்க மாமனாருக்கு அது பிள்ளை, எனக்கு மச்சான், அவனைக் கொடுத்துடுங்க என்று கெஞ்சினான். அழுதும்விட்டான். மச்சினன் கைக்குட்டை நீட்டினான்.

லேப் அம்மா போனை எடுத்து, ஒரு பட்டனை அழுத்தி, மேஜை மேல் வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"இடது கண் இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

நடந்தது இதுதான். லேபிளில் நோயாளி பெயர் இல்லாத மாதிரியை அந்த அம்மா வாங்கவே மாட்டார். சனிக்கிழமை சாயங்காலமே மூடியைத் திறந்து, உள்பக்கத்து நம்பரைப் பார்த்து மாமனாரைக் கூப்பிட்டிருக்கிறார். மாதிரி உள்ளே தூங்குகிறதே என்று கேட்டிருக்கிறார். மாமனார் புதிதாகத் தைத்த முட்டி வலிக்க வலிக்கச் சிரித்து, மூத்தவனை எடை போடச் சொல்லி, திங்கள் வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். கூடவே, வருகிறவர்களைக் கொஞ்சம் வறுத்தெடுக்கும்படியும் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு தெரியாம, ஞாயித்துக்கிழமை என்ன அழகா சொன்னீங்க," என்றது போன். "இருபது கிராம் குறைஞ்சுட்டான்னு கேட்டதும், தெரிஞ்சும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு."

மன்னிச்சிடுங்க மாமா என்றான் மெக்கானிக். தலை தொங்கிவிட்டது. பதினாறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த பட்டம் மூன்றே வாரத்தில் பறிபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க," என்று மாமனார் தொடர்ந்தார். "வேன்ல குலுங்கி, கரண்ட் இல்லாம அரை மணி நேரம் கிடந்து வந்த ஃப்ரிட்ஜாம். இறக்கின உடனே பார்த்தாங்களாம். அஞ்சு டிகிரி. இப்படி ஒரு கை வேலையை அவங்க பார்த்ததே இல்லையாம். உங்க கை சுத்தம் மாப்பிள்ளை. வாய்தான் சரியில்லை. வாயை ரிப்பேர் பண்ணிக்கலாம்."

மெக்கானிக் மறுபடி அழுதான். இந்தத் தடவை மச்சினன் கைக்குட்டை தரவில்லை, அவனுக்கே தேவைப்பட்டது. லேப் அம்மா, அழுது முடித்ததும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு பட்டறையில் அந்த ஒரு ஃப்ரிட்ஜைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டினார்கள். பொய் லேபிளைக் கிழித்துவிட்டு மெக்கானிக் "மூத்தவன், தூங்குகிறார்" என்று எழுதி ஒட்டினான். மச்சினன் பெட்டியைத் தொடவே இல்லை. காலையில் முறை போட்டுக்கொண்டு அவனும் கதவைத் திறந்து சௌக்கியமா அண்ணா என்று விசாரித்தான். ஞாயிறுதோறும் எடையைச் சொல்வதோடு, தராசைப் படமும் எடுத்து அனுப்பினான் மெக்கானிக்.

பனி விலகி வெயில் உறைக்கத் தொடங்கிய ஒரு காலையில் மூத்தவனை வெளியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்தார்கள். மாமனார் கைத்தடியோடு பட்டறைக்கே வந்திருந்தார். வழியில் பார்த்த பழைய சிநேகிதர் ஒருவரையும் கூட்டி வந்து, "என் மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்," என்று அறிமுகம் செய்துவைத்தார். மூத்தவன் கழுத்தை நீட்டினான். ஒரு கண்ணைத் திறந்தான். இடது கண். மாமனார் மெக்கானிக்கைப் பார்க்க, மெக்கானிக் கூரையைப் பார்த்தான்.

பிறகு மூத்தவன் நிதானமாகத் தண்ணீர் குடித்து, தொட்டியிலிருந்து ஏறி, மெக்கானிக்கின் வேலை மேஜை மேல் இரண்டடி நடந்து, ஸ்பேனருக்குப் பக்கத்தில் ஒரு காரியம் செய்தான். எழுந்ததும் புழு இருக்கிறதா என்று பார்க்க அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஏற்கனவே சொல்லியிருந்தார்.

மெக்கானிக் சின்னக் குப்பி ஒன்றை எடுத்தான். லேபிளில் பெயர் எழுதினான், வயது எழுதினான், ஆண் என்று எழுதினான். "மலப் பரிசோதனைக்கு" என்று எழுதினான், இந்தத் தடவை உண்மையாகவே. மச்சினனை நம்பாமல் தானே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தான்.

லேப் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக் குப்பியை வெளிச்சத்தில் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, குறிப்புப் பகுதியில் எழுதினார்: அளவு சரி.